மாநகரத் தந்தையாய் இருந்த மக்கள் தந்தை

(சுண்ணாம்புக்குளத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



உங்கள் பழவேற்காட்டு ஏரியில் வழிவழியாக வரும் 'பாடு' முறையை நீங்கள் அறிவீர்கள். நீர் ஒன்றே, ஆயினும் முறைப்படியே வலை இறங்கும். முறையுடையார்க்கு அது நயன்மை. முறைப்பட்டியலில் பெயரில்லாதானுக்கோ, மீன் துள்ளும் நீரருகே வெறும் வலையோடு நிற்கும் நிலை. ஆட்சி என்னும் ஏரியிலும் அவ்வாறே கரையில் நிறுத்தப்பட்ட மக்கள் கோடிக்கணக்கினர். அவர்களுக்கு முறை கேட்டு வாழ்நாளெல்லாம் போராடியவர் தந்தை ந. சிவராசனார்.

1892இல் பிறந்த அவர், சட்டம் பயின்று, சென்னைச் சட்டக் கல்லூரியில் ஆசிரியராய் விளங்கினார். நயன்மைக் கட்சியில் தொண்டாற்றினார். சென்னைச் சட்ட மேலவையிலும் பின்னர்த் தில்லி நடுவண் சட்டமன்றத்திலும் ஒடுக்கப்பட்டோர்க்காகப் பேசினார். 1942இல் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கார் தோற்றுவித்த பட்டியல் இனத்தார் கூட்டமைப்பு அவரையே தலைவராய் ஏற்றது.

1945இல் சென்னை மாநகரத் தந்தையானார். ஒடுக்கப்பட்ட குலத்தார் ஒருவர் அவ்விருக்கையில் அமர்ந்தார். தெருவில் நடக்கவும் குளத்தில் நீர் முகக்கவும் தடுக்கப்பட்ட மக்களுள் ஒருவர், தலைநகரின் தெருவுக்கும் நீருக்கும் பொறுப்பான அவைக்குத் தலைமை தாங்கினார்! அந்நாளில் அப்பொறுப்பு ஓராண்டுக்கே உரியது. அவ்வோராண்டு முடிந்ததும் அவர் ஓய்ந்தாரா? இல்லை. 1956இல் அம்பேத்கார் மறைந்தார். மறு ஆண்டு உருவான இந்தியக் குடியரசுக் கட்சிக்குச் சிவராசனாரே முதல் தலைவர். அதே 1957இல் செங்கற்பட்டுத் தொகுதி மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். 1964இல் மறையும்வரை அவர் தொண்டு நிற்கவில்லை.

அவர்தம் துணைவியார் மீனாம்பாள் அம்மையாரை நாம் மறத்தலாகாது. இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழகம் கொதித்தெழுந்த 1938இல், நவம்பர் 13ஆம் நாள், சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடிற்று. மறைமலையடிகளாரின் மகளார் நீலாம்பிகை அம்மையாரும் மீனாம்பாள் அம்மையாரும் அம்மாநாட்டில் தோளோடு தோள் நின்றனர். ஈ.வெ. இராமசாமியார்க்குப் 'பெரியார்' என்னும் பெயரை வழங்கியதும் அம்மாநாடே. மொழி மானமும் குல விடுதலையும் ஒரே மேடையில் கைகோத்த நாள் அது!

தோழர்களே! நாம் மொழியால் ஓரினம் என்கிறோம். ஊருக்கொரு குடியிருப்பு, சேரிக்கொரு குடியிருப்பு என்று பிரித்துவைத்துக்கொண்டு சொல்லும் அச்சொல் மெய்யாகுமா? நாவிலிருந்து அயற்சொல்லைக் களைவோம். நெஞ்சிலிருந்து குலவேற்றுமையைக் களைய மறுப்போமாயின் அத்தூய்மையால் யாருக்கு என்ன பயன்?

அடுத்த ஊராட்சித் தேர்தலில் உங்களிடம் வாக்குக் கேட்டு வருவாரிடம் ஒன்று கேளுங்கள்: "கரையில் நிற்பவனுக்கு எப்போது முறை தருவாய்?" மறுமொழி கூறத் தெரிந்தவனுக்கே உங்கள் வாக்கைத் தாருங்கள். சிவராசனார்க்கு நாம் எடுக்கத்தக்க விழா அதுவே.

வாழ்க தமிழ்! வெல்க ஒப்புரவு!