சந்தைக்குப் பணியாத இசை: ‘இந்தியன் ஓஷன்’ அனுபவம் தரும் பாடங்கள்

(கலைக்குழுத் தோழர்களின் பயிற்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கலைக்குழுக்களின் பணியைப் பரிசீலிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி முன்னுக்கு வருகிறது. பெரும் ஆர்வத்தோடு தொடங்கப்படும் குழுக்கள் நான்கைந்து ஆண்டுகளில் கலைந்துபோவது ஏன்? திறமைக் குறைவு, அர்ப்பணிப்புக் குறைவு என்று பதில் சொல்லிவிடுவது எளிது. ஆனால் அந்தப் பதில் பெரும்பாலும் பிழையானது. ஒரு கலைக்குழு நீடிப்பதும் கலைவதும் இரண்டு விஷயங்களைப் பொறுத்தவை. தன் உழைப்பின் சாதனங்களில் எவை அதன் கையில் இருக்கின்றன என்பது ஒன்று. எந்த மக்களோடு அது உறவு கொண்டிருக்கிறது என்பது மற்றொன்று.

இதைப் புரிந்துகொள்ள, தில்லியில் உருவாகி 30 ஆண்டுகளுக்கும் மேலாக இயங்கிவரும் ‘இந்தியன் ஓஷன்’ என்ற ராக் இசைக்குழுவின் வரலாறு துணைபுரியும். அது ஒரு கட்சியின் குழு அல்ல. புரட்சிகரக் குழுவும் அல்ல. ஆயினும் அதன் அனுபவத்தில் இடதுசாரி இயக்கத்தினர் ஆராய வேண்டிய பாடங்கள் பல உள்ளன.

கிதார் கலைஞர் சுஷ்மித் சென், தபேலாக் கலைஞரும் பாடகருமான அசீம் சக்ரவர்த்தி ஆகிய இருவரும் 1984இல் சந்தித்தனர். 1990இல் குழு உருவானது. அடுத்த ஆண்டு ராகுல் ராம் பேஸ் கிதார் கலைஞராக இணைந்தார். 1994இல் டிரம்ஸ் வாசிக்கும் அமித் கிலாம் வந்து சேர்ந்தார். இவர்களுடைய இசையில் கிதார் ராகங்களின் சாயலோடு ஒலித்தது. தபேலாவும் டிரம்ஸும் ஒரே மேடையில் முழங்கின. வங்கத்து பாவுல் பாடகர்களின் நாட்டுப்புறக் கருவியும் ராக் தாளத்தோடு சேர்ந்துகொண்டது.

அந்த ஆண்டுகளின் சூழலை நினைவில் கொள்ள வேண்டும். 1991இல் தாராளமயக் கொள்கைகள் நடைமுறைக்கு வந்தன. செயற்கைக்கோள் தொலைக்காட்சி வீடுகளுக்குள் நுழைந்தது. 1992 டிசம்பர் 6 அன்று பாபர் மசூதி இடிக்கப்பட்டது. இசைச் சந்தையில் திரைப்பாடல் கோலோச்சியது. அதற்கு அடுத்த இடத்தை ‘இந்திபாப்’ பிடித்துக்கொண்டது. எந்தச் சரக்கையும் ஒரு முத்திரை குத்தித்தான் சந்தை விற்கும். இவர்களுடைய இசையோ எந்த முத்திரைக்குள்ளும் அடங்கவில்லை.

1993இல் எச்எம்வி நிறுவனத்தின் மூலம் முதல் தொகுப்பு வெளிவந்தது. அடுத்த தொகுப்புக்கான பதிவு நடந்தது 1997 டிசம்பரில். இடைப்பட்ட நான்கு ஆண்டுகள் ஒரு குழு கலைந்துபோகப் போதுமான காலம். தொகுப்பு வெளிவராதபோதும் ஒத்திகையும் மேடையும் நிற்கவில்லை என்பதே அவர்களைக் காப்பாற்றியது.

அந்த இரண்டாவது பதிவு எங்கே நடந்தது என்பது இடதுசாரிகளுக்கு நெருக்கமான செய்தி. 1989 ஜனவரி 1 அன்று சாஹிபாபாத் அருகே ஜண்டாபூரில், தொழிலாளர் முன்னிலையில் வீதி நாடகம் நடத்திக்கொண்டிருந்த தோழர் சஃப்தர் ஹஷ்மி தாக்கப்பட்டு மறுநாள் உயிர்நீத்தார். ராம் பகதூர் என்ற தொழிலாளியும் கொல்லப்பட்டார். ஜனவரி 4 அன்று சஃப்தரின் துணைவியார் மாலாவும் ஜன நாட்டிய மஞ்ச் தோழர்களும் அதே இடத்துக்குத் திரும்பிச் சென்று, தடைப்பட்ட நாடகத்தை நடத்தி முடித்தனர். அந்தத் தியாகத்தின் நினைவாக உருவானதே ‘சஹ்மத்’ அமைப்பு. அந்த அமைப்பு தில்லியில் நடத்திய நிகழ்ச்சியில், 1997 டிசம்பர் 30 அன்று ‘இந்தியன் ஓஷன்’ வாசித்த இசையே ‘டெசர்ட் ரெயின்’ என்ற நேரடிப் பதிவுத் தொகுப்பாயிற்று. ஸ்டுடியோவின் கதவு திறக்காதபோது, மதவெறிக்கு எதிரான கலைஞர்களின் மேடை திறந்திருந்தது. இயக்கம் ஒரு மேடையை உயிரோடு வைத்திருந்தால், அது எந்தக் கலைஞருக்கு எப்போது கைகொடுக்கும் என்பதை முன்கூட்டியே கணக்கிட முடியாது.

2000இல் வெளிவந்த ‘கண்டீஸா’ தொகுப்பு அவர்களை நாடறியச் செய்தது. அதன் பாடல்கள் எங்கிருந்து வந்தன? ‘மா ரேவா’ நர்மதைக் கரை மக்களின் நாட்டார் பாடல். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் முனைவர் பட்டம் பெற்ற ராகுல் ராம், நாடு திரும்பி நர்மதை பாதுகாப்பு இயக்கத்தில் பணியாற்றினார். அப்பாடலைக் கொண்டுவந்தது அந்த உறவே. ‘ஹில்லே லே’ பாடலின் வரிகள் உழவர் எழுச்சியைப் பாடிய புரட்சிக் கவிஞர் கோரக் பாண்டேயுடையவை. ‘கண்டீஸா’ என்ற தலைப்புப் பாடலோ, கேரளத்தின் சுரியானி கிறிஸ்தவர்கள் பாடிவரும் அரமேய மொழித் துதிப்பாடல். ‘ஒரே பண்பாடு’ என்று முழங்குவோருக்கு இத்தொகுப்பே ஒரு பதில். இசையில் இங்கே நிகழ்ந்த கலப்பு வெறும் புதுமை மோகத்தால் விளைந்ததல்ல. மக்களிடையே வாழ்ந்த வாழ்க்கையின் விளைவு அது.

பின்னடைவுகள் அதோடு முடியவில்லை. 1993 மும்பை குண்டுவெடிப்புகளைப் பற்றிய ‘பிளாக் ஃப்ரைடே’ திரைப்படத்துக்கு இசையமைத்தனர். நீதிமன்றத் தடையால் படம் 2007 வரை வெளிவர முடியவில்லை. ஆயினும் வன்முறையின் பைத்தியக்காரத்தனத்தைச் சாடும் ‘பந்தே’ பாடல் படத்துக்கு முன்பே மக்களைச் சென்றடைந்தது.

2009 டிசம்பர் 25 அன்று பேரிழப்பு நேர்ந்தது. அசீம் சக்ரவர்த்தி மாரடைப்பின் விளைவாகக் காலமானார். தபேலாவும் முதன்மைக் குரலுமாக இருந்தவர் அவர். ஓரிடத்தை ஒருவரைக் கொண்டு நிரப்ப முடியவில்லை. குரலுக்கு ஹிமான்ஷு ஜோஷியும் தபேலாவுக்கு துஹீன் சக்ரவர்த்தியும் வந்தனர். 2013இல் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சுஷ்மித் சென்னும் விலகினார். தொடங்கிய இருவரும் இல்லாத நிலையிலும் 2014இல் ‘தண்டானு’, 2023இல் ‘தூ ஹை’ ஆகிய தொகுப்புகள் வெளிவந்தன. தனிநபரின் மேதைமையை மட்டுமே நம்பிய குழுவாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

2010இல் வெளிவந்த தொகுப்பின் பெயர் ‘16/330 கஜூர் ரோடு’. கரோல் பாக் பகுதியில் அவர்கள் ஒத்திகை பார்த்துவந்த பழைய வீட்டின் முகவரி அது. அத்தொகுப்பின் ஏழு பாடல்களும் மாதம் ஒன்றாக, இணையத்தில் கட்டணமின்றித் தரப்பட்டன. இசை நிறுவனங்களின் ஒப்பந்தத்துக்கு வெளியே அவர்கள் எடுத்துவைத்த அடி இது. ஒத்திகைக்கு ஓர் இடமும், பாடல்களின் மீது சொந்த உரிமையும் இருந்ததால்தான் அதைச் செய்ய முடிந்தது.

இங்கே மிகைப்படுத்தலுக்கு இடம்கொடுக்கலாகாது. பாடலை இலவசமாகக் கொடுத்துவிட்டால் பிழைப்பு மேடைக் கட்டணத்திலிருந்துதான் வர வேண்டும். நுழைவுச்சீட்டு வாங்க முடியாத உழைப்பாளி அந்த அரங்குக்கு வெளியே நிற்பார். ஒலித்தட்டு நிறுவனம் விலகிய இடத்தில் இணையப் பெருநிறுவனங்கள் வந்து அமர்ந்துவிட்டன. ‘சுதந்திர இசை’ என்பது முதலாளித்துவத்துக்கு வெளியே உள்ள தீவு அல்ல. அதற்குள்ளேயே நடக்கும் இழுபறி.

இன்னொரு கசப்பான உண்மையும் உண்டு. ‘மா ரேவா’ நாடெங்கும் பாடப்பட்டது. ஆனால் சர்தார் சரோவர் அணை 138.68 மீட்டர் உயரத்துக்கு எழுப்பப்பட்டு, 2017இல் அதன் மதகுகள் மூடப்பட்டன. மறுவாழ்வு முழுமையடையாத நிலையிலேயே நீர்மட்டம் உயர்ந்தது. பாடல் அணையைத் தடுக்கவில்லை. அதைத் தடுக்கும் வலிமை அமைப்பாகத் திரண்ட மக்களுக்கும் அரசியல் பலத்துக்கும் மட்டுமே உண்டு. ஆனால் நர்மதைப் பள்ளத்தாக்கைக் கண்ணால் காணாத இளைஞர்களின் நாவில் அந்த நதியின் பெயரை அந்தப் பாடல் வைத்தது. அது செய்யக்கூடிய பணி அது. அதற்கு மேலும் எதிர்பார்க்கக் கூடாது, அதைக் குறைத்தும் மதிப்பிடக் கூடாது.

இந்த அனுபவத்திலிருந்து கிடைக்கும் பணிகள் தெளிவானவை. முதலாவது, ஒவ்வொரு மாவட்டக் கலைக்குழுவுக்கும் ஒத்திகை பார்க்க நிலையான ஓர் இடம் வேண்டும். கட்சி அலுவலகத்தில் வாரம் இரு மாலைகளை ஒதுக்குவது பெரிய செலவல்ல. இரண்டாவது, தலைவர் வந்து சேரும்வரை கூட்டத்தை உட்கார வைக்கும் கருவியாகக் கலைக்குழுவைப் பயன்படுத்தும் பழக்கம் கைவிடப்பட வேண்டும். பாதிப் பாட்டில் ஒலிபெருக்கியைப் பறித்துக்கொள்ளும் மேடையில் எந்தக் கலைஞரும் நீண்ட நாள் நிற்க மாட்டார். மூன்றாவது, பயணப்படியும் உணவும் தயவாகத் தரப்படுபவை அல்ல, அவை உழைப்புக்குரிய கடமை. நான்காவது, ஒருவர் விலகினாலும் மறைந்தாலும் பணி தொடரும் வகையில், பாடல்களைப் பதிவுசெய்து புதியவர்களுக்குக் கற்பிக்க வேண்டும். ஐந்தாவது, மக்களிடமிருந்து எடுத்த பாடலை யாரிடமிருந்து எடுத்தோம் என்று மேடையில் சொல்ல வேண்டும்.

தோழர்களே, கலைஞர்களிடம் விடாமுயற்சியைக் கோருவதற்கு முன், அந்த முயற்சி நிற்பதற்கான தரையை அமைத்துத்தருவது இயக்கத்தின் பொறுப்பு. அடுத்த மாநாட்டு அறிக்கையில் ‘கலைக்குழு செயல்படவில்லை’ என்ற வரியை எழுத நேர்ந்தால், அதற்கு மேலே இந்த ஐந்தில் எவை நிறைவேற்றப்பட்டன என்பதையும் எழுத வேண்டும்.