ஒரு கதவின் கதையும் நம் குழுவும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், தவணை என்று பேசுகிற இடத்தில் இன்றைக்குக் கதையைப் பற்றிப் பேசப் போகிறோம். "எங்களுக்கு எதுக்குங்க கதை?" என்று சிலர் சிரிக்கிறது தெரியுது. ஆனா, நாம கதை இல்லாம ஒரு நாளும் இருக்கிறதில்லை. பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது கதை, ராத்திரி டிவியில் கதை, குழாயடியில் பக்கத்து வீட்டுக் கதை. ஒரு கதை எப்படிக் கட்டப்படுதுன்னு தெரிஞ்சுகிட்டா, கேட்கிற கதையை எடை போடலாம். நம்ம கதையை நாமே சொல்லலாம்.

கோவில்பட்டி பக்கம் இடைசெவல் கிராமத்து விவசாயி கி. ராஜநாராயணன். பள்ளிப் படிப்பை முடிக்காதவர். 1991இல் சாகித்ய அகாதமி விருது பெற்றார். 2021இல் காலமானார். அவர் எழுதிய 'கதவு' என்ற சிறுகதையை எடுத்துக்கொள்வோம்.

ஒரு ஏழை வீடு. அப்பா பிழைப்புக்கு வெளியூர் போனவர். மாதங்கள் ஆகியும் தகவல் இல்லை. அம்மா தனியாகக் குடும்பத்தைப் பார்க்கிறார். பிள்ளைகளுக்கு வீட்டுக் கதவுதான் விளையாட்டுச் சாமான். அதில் தீப்பெட்டிப் படம் ஒட்டுவார்கள். ஏறி நின்று பஸ் ஓட்டுவார்கள். ஒரு நாள் தீர்வை பாக்கிக்காகத் தலையாரி ஆட்களோடு வந்து கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார். பிறகு வாடைக்காற்று வீட்டுக்குள் புகுகிறது. கைக்குழந்தை இறந்துபோகிறது. சாவடிப் பக்கம் அந்தக் கதவு கிடப்பதைப் பிறகு பார்த்த பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள்.

இந்தக் கதையிடம் ஐந்து கேள்வி கேட்போம்.

1. யாருடைய கதை? அம்மா, பிள்ளைகள், தலையாரி. இவர்கள்தான் கதை மாந்தர்கள். தலையாரி கெட்டவரா? மேலே சொன்ன வேலையைச் செய்கிறவர், அவ்வளவுதான்.

2. எங்கே, எப்போது? இதுதான் களம். கதவு போனது சித்திரை வெயிலில் என்றால் கதையே வேறு. வாடைக்காற்று காலம் என்பதால்தான் ஒரு மரப்பலகை உயிர்ப் பிரச்சினை ஆகிறது.

3. என்ன சிக்கல்? பாக்கி கட்ட வேண்டும், கையில் காசு இல்லை. சிக்கல் இல்லாமல் கதை நகராது.

4. எதனால் எது நடந்தது? பாக்கியால் கதவு போச்சு. கதவு போனதால் குளிர் வந்தது. குளிரால் பிள்ளை போச்சு. பூ தொடுக்கிற மாதிரி ஒன்றோடு ஒன்று கட்டி வருவதுதான் கதைப்போக்கு.

5. யார் கண்ணால் பார்க்கிறோம்? இதுதான் முக்கியம். கதவைத் தூக்கிப் போகும்போது பிள்ளைகள் வேடிக்கையாகப் பின்னாலேயே ஓடுகிறார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. நமக்குத்தான் வயிறு கலங்குது. இதே சம்பவம் கணக்குப் புத்தகத்தில் ஏறினால், 'பாக்கிக்காக ஒரு கதவு ஜப்தி' என்று ஒரே வரி. கணக்கும் பொய் இல்லை. ஆனால் அந்த வரிக்குள் குழந்தை இல்லை.

ஐந்துக்கும் பதில் கிடைத்தால், கதையின் உட்கருத்தை யாரும் சொல்லித்தர வேண்டாம், தானாகவே விளங்கும். "கற்பனைக் கதைதானே, பொய்தானே?" என்று கேட்கலாம். அந்தக் குடும்பம் அப்படியே எங்கேயும் இருந்திருக்க வேண்டியதில்லை. அந்தக் கஷ்டம் எத்தனையோ வீட்டில் இருந்திருக்கு.

இப்போ நம்ம குழுவுக்கு வருவோம். தீர்மானப் புத்தகத்தில் நாமும் ஒரு வரி எழுதுகிறோம்: 'உறுப்பினர் இரண்டு தவணை செலுத்தவில்லை.' உடனே, "அண்டாவைத் தூக்கிட்டு வாங்க, அப்பத்தான் புத்தி வரும்" என்று ஒரு குரல் வரும். அந்த நேரத்தில் கதவு கதையில் நாம யாரா நிக்கிறோம்? அம்மாவாவா, தலையாரியாவா? பணத்தை விட்டுடுங்கன்னு நாங்க சொல்லலை. அது எல்லாருடைய வேர்வைக் காசு, திரும்பி வரணும். ஆனா முடிவு எடுக்கும் முன்னாடி அவளைப் பேச விடுங்க. என்ன சிக்கல், எதனால் வந்தது என்று கேளுங்க. கேட்ட பிறகு தவணையை எப்படிப் பிரிக்கலாம் என்று பேசலாம்.

அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் ஒரு கதை கொண்டு வாங்க. எழுதத் தெரியாதவர் சொல்லட்டும், தெரிந்தவர் எழுதட்டும். ஒரு பக்கம் போதும். அடுத்தவர் வீட்டு விஷயமாக இருந்தால் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. ஊர், தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் மாற்றுங்கள். நம் கதையால் யாரும் தலைகுனியக் கூடாது. நல்ல கதைகளை இந்த இதழில் வெளியிடுவோம்.