புகை படிந்த சுவரும் புதுப் பூச்சும்

(ஜூபிலி விழாவையொட்டி வண்ணப்பூச்சு வேலை தொடங்கு முன் சீவலப்பேரியில் நடைபெற்ற பங்கு மக்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

    

ஜூபிலி என்றதும் கோயிலுக்கு வண்ணம் பூச வேண்டும் என்ற பேச்சுத்தான் முதலில் எழும். கோயிலுக்குப் பூசினால் வீட்டுக்கும் பூச வேண்டும் என்ற ஆசை தானாக வரும். நல்ல ஆசைதான். ஆனால் அதற்கு ஆகும் பணம் வயலில் நாற்று நடுகிற கைகளும், பீடி சுற்றுகிற கைகளும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். அது அடுத்த திருவிழாவுக்குள் சுவரிலிருந்து பொருக்குப் பொருக்காக உதிர்ந்து போகலாமா? இதைப் பற்றித்தான் உங்களிடம் சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

நம் வீட்டு அடுக்களையைப் பாருங்கள். சீமை உடை விறகும், பனை மட்டையும், காவோலையும் எரிந்த புகை பல ஆண்டுகளாகச் சுவரில் ஏறியிருக்கிறது. கோயிலிலோ மெழுகுதிரிப் புகையும் சாம்பிராணிப் புகையும் பீடத்தின் பின்சுவரிலும் சுரூபக் கூடுகளின் மேற்புறத்திலும் கருமையாகப் படிந்திருக்கின்றன. அதன் மேல் இரண்டு கை வெள்ளையடித்தால் மறைந்துவிடும் என்று எண்ணுகிறோம். மறைவது சில வாரங்களுக்குத்தான். பிறகு தேநீர் சிந்தியது போன்ற பழுப்புக் கறை வெளியே வரும். இன்னொரு கை அடிக்கிறோம், மீண்டும் வருகிறது.

காரணம் யாதெனில், புகையில் இரண்டு பொருள்கள் உள்ளன. ஒன்று, மிக நுண்ணிய கரித்தூள். மற்றொன்று, தார் போன்ற எண்ணெய்ப் பிசுக்கு. அடுக்களையில் தாளிப்பு எண்ணெயும், கோயிலில் உருகிய மெழுகும் இந்தப் பிசுக்கோடு சேர்ந்துகொள்கின்றன. சுண்ணாம்பு, டிஸ்டம்பர், எமல்ஷன் ஆகிய யாவும் தண்ணீரில் கரைத்துப் பூசப்படுபவை. அந்த ஈரம் பிசுக்கில் உள்ள பழுப்புச் சாயத்தைக் கரைக்கிறது. ஈரம் காயும்போது சாயமும் அதனுடன் மேலே ஏறி வந்து புதுப் பூச்சின் முகத்தில் தங்கிவிடுகிறது. அன்றியும், பிசுக்கின் மேல் பெயிண்டு சரியாக ஒட்டாது. ஆகவே கறையை மூடுவதற்கு முன் அதை எடுக்க வேண்டும். எடுக்க முடியாத மிச்சத்தை அடைக்க வேண்டும். அதற்குரிய முறைகளை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, புகை வரும் வழியைத் திருத்துதல். கோயிலில் மெழுகுதிரித் தட்டைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். திரியின் நூல் நீண்டுவிட்டாலும், காற்றில் சுடர் ஆடினாலும் புகை அதிகமாகும். நூலைக் கத்தரித்து வைத்தால் பெரிதும் குறையும். வீட்டில் அடுப்புக்கு மேலே புகைபோக்கி வேண்டும். 2016-ஆம் ஆண்டு தொடங்கிய உஜ்வலா திட்டம் போன்றவற்றால் எரிவாயு பல வீடுகளுக்கு வந்துவிட்டது. ஆயினும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகடுப்பு மூட்டுவதை நாம் விட்டுவிடவில்லை. சுவரைக் கறுப்பாக்கிய அதே புகைதான் அடுப்பூதும் நம் தாய்மார்களின் நெஞ்சுக்குள்ளும் போகிறது. வீட்டுக்குள் எழும் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சுவரையாவது நாம் கழுவிவிடலாம். நெஞ்சை எப்படிக் கழுவுவது? ஆகவே பெயிண்டு டப்பா வாங்குவதற்கு முன் புகைபோக்கியைக் கவனியுங்கள்.

இரண்டாவது, உலர்ந்த நிலையிலேயே தூசி தட்டுதல். எடுத்த எடுப்பில் ஈரத் துணியால் துடைக்க வேண்டாம். கரித்தூள் சுவரின் நுண்துளைகளுக்குள் தேய்ந்து இன்னும் ஆழமாக இறங்கிவிடும். சுரூபங்களையும் பெஞ்சுகளையும் துணியால் மூடிவிட்டு, மேலிருந்து கீழாக மெல்லிய துடைப்பத்தால் ஒட்டடையையும் கரியையும் தட்டி எடுங்கள். மூக்கிலும் வாயிலும் துணி கட்டிக்கொள்வது அவசியம்.

மூன்றாவது, கழுவுதல். பெயிண்டு பூசிய சுவரானால், வெதுவெதுப்பான நீரில் சலவைச் சோடாவோ சோப்புத்தூளோ கரைத்து, பஞ்சால் கீழிருந்து மேலாகக் கழுவுங்கள். மேலிருந்து தொடங்கினால், அழுக்கு நீர் காய்ந்த சுவரில் கோடு கோடாக வழிந்து, பிறகு போகாத தடமாகிவிடும். கழுவி முடித்தபின் நல்ல தண்ணீரால் மேலிருந்து கீழாக இரண்டு முறை அலசுங்கள். சோடா மிஞ்சியிருந்தால் அதுவே புதுப் பெயிண்டைக் கெடுக்கும். மின்சார மெயினை முதலில் அணைத்துவிடுங்கள். கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு அடித்த சுவரானால் கதை வேறு. உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளை ஒட்டினால் அந்தச் சுவர் கழுவலைத் தாங்காது. இலேசாக நனைத்து, பழைய சுண்ணாம்பு அடுக்குகளைச் சுரண்டியால் சுரண்டியே எடுக்க வேண்டும்.

நான்காவது, காய விடுதல். அவசரம் நம்மை ஏமாற்றும் இடம் இதுதான். ஐப்பசி கார்த்திகை அடைமழைக் காலத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். சிற்றாறு தாமிரவருணியோடு சேரும் இடத்தில் வாழும் நமக்கு ஈரச் சுவர் புதிதல்ல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரவருணிக் கரையோர ஊர்களில் வெள்ளம் புகுந்ததையும் நாம் மறந்துவிடவில்லை. வெள்ளத்தில் ஊறிய சுவர் மேலே காய்ந்தது போலத் தோன்றினாலும் உள்ளே ஈரத்தை வைத்திருக்கும். ஒரு சாண் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி, மறுநாள் பாருங்கள். தாளின் உட்புறம் நீர் முத்துக்கள் தென்பட்டால் இன்னும் பொறுத்திருக்க வேண்டும்.

ஐந்தாவது, வெடிப்புகளை அடைத்து, பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்தல். ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். பெயிண்டில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பர் முதல் தேதியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட எனாமல் பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும். அவற்றை உலர்வாகத் தேய்த்துத் தூள் கிளப்பாதீர்கள், நனைத்துத் தேயுங்கள். சிறு பிள்ளைகளை அப்பக்கம் விடாதீர்கள்.

ஆறாவது, பிரைமர். தண்ணீரில் கலக்கும் சாதாரண பிரைமர் புகைக்கறையைத் தடுப்பதில்லை. சுண்ணாம்பை ஏமாற்றிய கறை அதையும் ஏமாற்றிவிடும். எண்ணெய்ப் பிரைமர் அல்லது அரக்குப் பிரைமர் வேண்டும். நம் தச்சர்கள் ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்து மரத்துக்குப் பாலிஷ் போடுகிறார்கள் அல்லவா? அந்த அரக்கேதான். அது தண்ணீரில் கரையாத மெல்லிய தோல் போலப் படிந்து, பழுப்புச் சாயத்தை உள்ளேயே நிறுத்திவிடுகிறது. ஆனால் ஸ்பிரிட்டும் டர்பன்டைனும் எளிதில் தீப்பற்றும். கதவு ஜன்னல்களைத் திறந்து வைத்து, மெழுகுதிரியோ பீடியோ அடுப்போ அருகில் இல்லாமல் வேலை செய்யுங்கள். புதிதாகப் பூசிய காரைச் சுவருக்கும், ஈரம் ஏறுகிற பழைய சுண்ணாம்புச் சுவருக்கும் இவை ஆகா. உள்ளே அடைபட்ட ஈரம் கொப்புளமாக வெடிக்கும். அத்தகைய சுவரைச் சுரண்டி, காய வைத்து, மீண்டும் சுண்ணாம்பே அடிப்பது நல்லது.

முழுச் சுவரையும் தொடங்கு முன், மிகக் கறுத்த இடத்தில் ஓர் அடிச் சதுரத்துக்கு மட்டும் பிரைமரும் பெயிண்டும் பூசி, இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். பழுப்பு எட்டிப் பார்க்கவில்லை என்றால் துணிந்து மேலே செல்லலாம். எட்டிப் பார்த்தால் நட்டம் ஓர் அடியோடு போயிற்று.

பழங்கட்டடங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கருமைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாராமல் சுரண்டியைக் கையில் எடுக்கலாகாது. தஞ்சைப் பெரிய கோயிலின் இருண்ட உட்சுற்றில் நாயக்கர் காலத்துப் பூச்சுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931-இல்தான் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். இடையில் எவரேனும் ஆர்வத்தோடு சுரண்டி வெள்ளையடித்திருந்தால் அந்தச் செல்வம் நமக்கு ஏது?

உரோமையில் வத்திக்கானிலுள்ள சிஸ்டைன் சிற்றாலயத்தையும் எண்ணிப் பாருங்கள். மைக்கேல் ஆஞ்சலோ அதன் விதானத்தை 1508 முதல் 1512 வரை வரைந்தார். நூற்றாண்டுக் கணக்கில் மெழுகுதிரிப் புகையும், பின்வந்தோர் பூசிய பசையும் அதன் வண்ணங்களை மங்கச் செய்தன. 1980-இல் தொடங்கிய துப்புரவு விதானத்தில் முடிவுற்றது 1989-இல். நான்கு ஆண்டுகளில் வரைந்ததைத் துலக்க ஒன்பது ஆண்டுகள் ஆயின! அப்படியும், அளவுக்கு மிஞ்சித் துடைத்துவிட்டார்கள் என்று குறை சொன்ன அறிஞர்களும் உண்டு. புகையை எடுப்பது அவ்வளவு பொறுமை கேட்கும் வேலை.

நம்முடையது எளிய சுவர். நமக்கு ஒன்பது ஆண்டுகள் வேண்டாம். சில வாரங்கள் போதும். ஆனால் அந்தச் சில வாரங்களைத்தான் நாம் கொடுப்பதில்லை. கொடியேற்றத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஆளைக் கூப்பிடுகிறோம். குறைந்த தொகை சொல்பவருக்கு வேலையைக் கொடுக்கிறோம். தட்டவும், கழுவவும், சுரண்டவும், காய விடவும் ஆகிற நாட்களுக்குக் கூலி கேட்டால், பெயிண்டு அடிக்காத நாளுக்கு எதற்குக் கூலி என்கிறோம். பாவம், அந்தத் தொழிலாளி என்ன செய்வார்? கறையின் மேலேயே அடித்துவிட்டுப் போகிறார். பிறகு அவரையே குறை சொல்கிறோம்.

ஆகவே, விழாக் குழுவினருக்கு என் வேண்டுகோள் மூன்று. சுவரைத் தயார் செய்யும் வேலையை ஒப்பந்தத்தில் தனியாக எழுதி, அதற்குரிய கூலியையும் தனியாகக் குறிப்பிடுங்கள். ஓர் அடிச் சோதனையைப் பார்த்த பின்பே பெயிண்டு வாங்குங்கள். மழைக்காலத்தைத் தவிர்த்து, திருவிழாவுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே வேலையைத் தொடங்குங்கள். தூசி தட்டுவதற்கும் தண்ணீர் சுமப்பதற்கும் இளைஞர்கள் முன்வந்தால் செலவு குறையும். ஏணியும் சுரண்டியும் பழகியவர்களிடமே இருக்கட்டும்.

ஜூபிலி ஆண்டில் வெண்மையாக நிற்கும் சுவர், அதற்குப் பின் பத்துத் திருவிழாக்களையும் வெண்மையாகவே காணட்டும்.