கொடுப்பதிலும் நீதி வேண்டும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

கண்டி நகரிலிருந்து ஹந்தானைக்கு ஏறும் பாதையில், 1925ஆம் ஆண்டு கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையொன்று இன்று தேயிலை நூதனசாலையாக நிற்கின்றது. அந்த மலைச்சரிவுகளில் கொழுந்து பறித்துப் பழகியவர்கள் ஓர் உண்மையை அறிவார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி, உரமிட்டு, ஆறவிடாமல் பறித்துக்கொண்டே இருந்தால் செடி நலிந்துவிடும். கொழுந்து தரும் செடிக்கே இப்படியோர் உரிமை உண்டென்றால், இல்லறத்தில் ஓயாமல் கொடுத்துக்கொண்டிருக்கும் மனிதருக்கு உரிமை இல்லையா?

அன்பர்களே! 1985ஆம் ஆண்டு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் நிறுவப்பட்டது. 1990களில் நம் நாட்டிலிருந்து வேலைக்காக வெளிநாடு சென்றோரில் பெண்களே பெரும்பான்மையினராக இருந்தனர். அவர்கள் அனுப்பிய பணத்தைக் கண்ணாய்க் காத்து, வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்த நல்ல கணவர்கள் பலர் உண்டு. அல்லாஹ் அவர்களுக்கு அருள்புரிவானாக. ஆனால் மற்றொரு வீட்டையும் நினைத்துப் பாருங்கள். மனைவி பாலைவன வெயிலில் பிறர் வீட்டு அடுப்படியில் நிற்கின்றாள். கணவனோ உழைப்பைக் கைவிட்டு, மாத முடிவில் வங்கிக்கு மாத்திரம் செல்கின்றான். பணம் எங்கே என்று கேட்டால் கோபிக்கின்றான். அவள் கேட்பதை நிறுத்திவிட்டு, இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தத்தை நீடிக்கின்றாள். இதைப் பொறுமை என்று ஊர் புகழ்கின்றது. இது பொறுமைதானா?

கணவனுக்குச் செலவழிப்பது நன்மையல்லவா என்று சிலர் கேட்கலாம். நிச்சயமாக நன்மையே. இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்களின் மனைவி ஸைனப் (ரழி) அவர்கள் இதையே கேட்டபோது, அதற்கு இரட்டைக் கூலி உண்டென நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். ஒன்று உறவைப் பேணியதற்கு, மற்றொன்று தர்மத்திற்கு. ஆயினும் கவனியுங்கள்: அது தர்மம். மனமுவந்து கொடுப்பதுதான் தர்மம். அச்சத்தினால் கொடுப்பது தர்மமாகாது. குடும்பத்தைப் பராமரிக்கும் கடமையை ஸூரா அன்னிஸா ஆணின் மீதே சுமத்துகின்றது. மனைவியின் தர்மம் கணவனின் கடமையை அழித்துவிடுவதில்லை.

தன் உரிமையைக் கேட்பது பாவமா? அபூ ஸுஃப்யானின் மனைவி ஹிந்த் (ரழி) அவர்கள், தன் கணவர் போதுமான செலவு தருவதில்லை என நபியவர்களிடம் முறையிட்டார்கள். நபியவர்கள் அவரைக் கண்டிக்கவில்லை. அவருக்கும் பிள்ளைகளுக்கும் நியாயமான அளவு எடுத்துக்கொள்ள அனுமதித்தார்கள். கேட்பது இல்லறத்தைக் குலைக்கும் என்றிருந்தால் அந்த அனுமதி கிடைத்திருக்குமா?

இபாதத்துக்கும்கூட ஓர் எல்லை உண்டு. பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த அபுத்தர்தா (ரழி) அவர்களிடம், இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் தனித்தனி உரிமைகள் உள்ளன என்று ஸல்மான் (ரழி) அவர்கள் எடுத்துரைத்தார்கள். ஸல்மான் சொன்னது உண்மையே என நபியவர்கள் உறுதிப்படுத்தினார்கள். வணக்கத்திற்காகவே உடலை வதைக்கலாகாது என்றால், ஒருவருடைய சோம்பலுக்காக வதைக்கலாமா?

இளைஞர்களே! இது பெண்களுக்கு மாத்திரம் உரிய பேச்சல்ல. நிச்சயிக்கப்பட்ட இடத்தில் மதிப்பைப் பெறக் கடன்பட்டு அன்பளிப்பு வாங்கும் வாலிபனும், கணவனின் மனம் மாறும் என்று தன் நகையைத் திரும்பத் திரும்ப அடகு வைக்கும் மனைவியும் ஒரே தவறையே செய்கின்றனர். அன்பை விலைகொடுத்து வாங்க முனைகின்றனர். விடுதலை பெற்ற பரீரா (ரழி) அவர்கள் தம்மைப் பிரிந்தபோது, முகீஸ் (ரழி) அவர்கள் மதீனாவின் வீதிகளில் அழுதுகொண்டே பின்தொடர்ந்தார்கள். நபியவர்கள் இரக்கங்கொண்டு பரிந்து பேசினார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்க, பரிந்துரையே என்றார்கள். அவர் மறுத்தார். அந்த மறுப்பு மதிக்கப்பட்டது. கண்ணீராலும் கைப்பொருளாலும் பெறமுடியாததே மனம்.

பெற்றோரே! வெளிநாட்டிலிருக்கும் மகள் தொலைபேசியில் தயங்கித் தயங்கி எதையோ சொல்ல வரும்போது, “பொறுத்துக்கொள்” என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடாதீர்கள். அவள் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் மகன் மனைவியின் உழைப்பில் அமர்ந்திருந்தால், அவனை எழுப்ப வேண்டியவர்கள் நீங்களே. தம்பதியர் வரவுசெலவை ஒன்றாக அமர்ந்து எழுதட்டும், பொறுப்புகளைப் பகிரட்டும். பிணக்கு முற்றினால் இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை நியமிக்குமாறு குர்ஆன் வழிகாட்டுகின்றது. அதிலும் தீராதபோது, பராமரிப்புச் செலவைக் கோரி முறையிட, 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் காதி நீதிமன்றங்கள் உள்ளன. அங்கு செல்வது வெட்கமல்ல.

கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் உங்கள் கொடை மற்றவரின் கடமையை உறங்கவைக்காதிருக்கட்டும். உங்களுக்குள்ள உரிமையையும் நசுக்காதிருக்கட்டும். தன் வீட்டில் தன் செருப்பைத் தாமே தைத்து, குடும்பத்தாரின் வேலைகளில் உதவிய அண்ணலாரின் இல்லம் நமக்கு முன்மாதிரியாகட்டும். எல்லாம் வல்ல அல்லாஹ் நம் இல்லங்களில் அன்பையும் நீதியையும் நிலைபெறச் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.