கோயில் சுவரில் ஒரு பள்ளிவாசல்

  

சோழமண்டலக் கரையிலும் மன்னார் வளைகுடாவின் இரு புறங்களிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் முஸ்லிம்களின் வரலாற்றைப் பேசக் கூடியிருக்கிறோம். தலைமை உரையில் எல்லாவற்றையும் தொட்டுச் செல்வது வழக்கம். நான் ஒன்றை மட்டும் வலியுறுத்த விரும்புகிறேன். இம்மக்களின் வரலாற்றைப் பள்ளிவாசல்களிலும் அவர்கள் வீடுகளிலும் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். மறுபாதி அண்டை வீட்டாரிடம் இருக்கிறது. அண்டை வீட்டாரின் வரலாற்றிலும் ஒரு பகுதி இவர்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது.

திருப்புல்லாணிக்குப் போங்கள். ஆதி ஜெகந்நாதப் பெருமாள் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று உண்டு. பவித்திரமாணிக்கப் பட்டினத்தின் கீழ்ப்பக்கத்தில் இருந்த சோனகச் சாமந்தப் பள்ளிக்கு இறையிலியாக நிலம் விட்ட செய்தி அதில் இருக்கிறது. பள்ளிவாசலுக்கு மன்னன் தந்த கொடையைப் பெருமாள் கோயிலில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு அது வியப்பூட்டும் செயலாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். கோயில் சுவர்தான் அந்த வட்டாரத்தின் பத்திரப்பதிவேடு. நிலத்தைப் பற்றிய செய்தி எதுவானாலும் அங்கேதான் ஏறும். பள்ளிவாசலின் நிலமும் அந்த வட்டாரத்து நிலம்தான் என்று எல்லோரும் ஏற்றிருந்தார்கள் என்பதே இதில் நாம் கற்க வேண்டியது.

இதைவிடப் பழைய சான்று கொல்லத்தில் கிடைக்கிறது. 849ஆம் ஆண்டுத் தரிசாப்பள்ளிச் செப்பேடு ஒரு கிறித்தவத் தேவாலயத்துக்குத் தரப்பட்ட உரிமைகளைச் சொல்வது. தந்தவர் வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள். சான்றுக் கையொப்பமிட்ட வெளிநாட்டு வணிகர்கள் கூஃபி அரபியிலும் பஹ்லவியிலும் யூதப் பாரசீகத்திலும் எழுதியிருக்கிறார்கள். தேவாலயத்தின் சொத்துக்கு முஸ்லிமும் யூதரும் சொராஸ்திரியரும் சாட்சி. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற வணிகக் குழுக்களும் அதே செப்பேட்டில் வருகின்றன.

பாடநூல்கள் பலவும் டில்லித் தளபதி மாலிக் காபூரின் படையெடுப்பிலிருந்தே தென்னாட்டு முஸ்லிம்களின் கதையைத் தொடங்குகின்றன. 1311இல் அந்தப் படை பாண்டிய நாட்டுக்குள் நுழைந்தபோது வீரபாண்டியன் பக்கத்தில் முஸ்லிம்கள் இருந்தார்கள். இதைச் சொல்பவர் டில்லி அரசவைக் கவிஞரான அமீர் குஸ்ரோ. கலிமா சொல்லத் தெரிந்தவர்கள் என்பதால் அவர்களுக்கு உயிர்ப்பிச்சை அளிக்கப்பட்டது என்று எழுதிய அவர், அவர்களைப் பாதி இந்துக்கள் என்று இளக்காரமாகவும் குறிப்பிடுகிறார். அந்த இளக்காரம் நமக்குப் பெரிய சான்று. டில்லியிலிருந்து வந்தவர்களின் கண்ணுக்கு இவர்கள் அவ்வளவு தூரம் இந்த மண்ணைச் சேர்ந்தவர்களாகத் தெரிந்திருக்கிறார்கள்! பிறகு வந்த மதுரை சுல்தான்களின் ஆட்சி அரை நூற்றாண்டுகூட நீடிக்கவில்லை. கரையோர ஊர்களின் முஸ்லிம்கள் அதற்கு முன்பும் இருந்தார்கள், பின்பும் இருந்தார்கள்.

அவர்களை இங்கே நிலைக்க வைத்தது கடல் வணிகம். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், பாண்டியனுக்கு ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் அனுப்பிவைக்கும் ஒப்பந்தத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். வழியில் கடலில் மாண்ட குதிரைக்கும் விலை உண்டு. காயல் உள்ளிட்ட துறைமுகங்கள் தகீயுத்தீன் அப்துர் ரஹ்மான் என்பவரின் பொறுப்பில் இருந்தன. மார்க்கோ போலோ காயலைப் பார்த்ததும் ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான்.

தென்னிலங்கையில் காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது அது. காலம் 1409. சீன மொழிப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி இந்துத் தெய்வமான தேனவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமியருக்கும் உரிய காணிக்கைகளைச் சொல்கிறது. தொலைதூரத்திலிருந்து வந்த ஒரு பேரரசு, இந்தத் தீவில் வணிகம் செய்யவேண்டுமானால் யார் யாரை மதிக்க வேண்டும் என்று கணக்கிட்டு எழுதிய கல் அது.

இவற்றையெல்லாம் அடுக்கிச் சொல்லும்போது, எக்காலமும் எல்லோரும் கூடிக்குலவி வாழ்ந்தார்கள் என்ற இனிப்பான கதைக்கு நாம் வழுக்கிவிடக் கூடாது. முத்துக்குளித்துறையில் பரதவருக்கும் முஸ்லிம்களுக்கும் மூண்ட பகை, 1530களில் பரதவர் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடி மதம் மாறியதற்கு முக்கியக் காரணம். 1538இல் வேதாளைக் கரையில் முஸ்லிம் கடல்வணிகர்களான மரக்காயர்களின் கப்பற்படையைப் போர்த்துக்கீசியர் அழித்தார்கள். அந்தக் கலங்களில் மாண்டவர்களுக்கும் ஊர் இருந்தது, உறவு இருந்தது. இந்தச் சச்சரவுகளை மறைத்து எழுதும் நட்புறவு வரலாறு யாருக்கும் பயன்படாது. எந்தச் சூழலில் சேர்ந்து வாழ்ந்தார்கள், எதற்காக மோதினார்கள், மோதிய பின் எப்படித் திரும்பவும் ஒரே கரையில் தொழில் செய்தார்கள் என்பதுதான் நம் கேள்வி.

சமுதாயத்துக்குள்ளிருந்து எழுதுபவர்களிடமும் எனக்கு ஒரு முறையீடு உண்டு. எங்கள் ஊர்ப் பள்ளிதான் முதல் பள்ளி, எங்கள் குடும்பம் நேரே அரேபியாவிலிருந்து வந்தது என்று நிறுவுவதிலேயே ஆய்வு உழைப்பெல்லாம் போய்விடுகிறது. கப்பல் முதலாளிகளின் கொடிவழி எழுதப்பட்டிருக்கிறது. பத்தமடையில் கோரைப்பாய் நெய்தவர்கள், கொடிக்கால் வைத்து வெற்றிலை பயிரிட்டவர்கள், சங்கு குளித்தவர்கள், தறி நெய்தவர்கள் எங்கே? இலங்கையிலும் இதே நிலை. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் சோனகர்கள் (இலங்கை முஸ்லிம்கள்) இனத்தால் தமிழரே என்று கட்டுரை படித்தார். 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து அவர்கள் அரபு வழித்தோன்றல்கள் என்று எழுதினார். சட்டசபைப் பிரதிநிதித்துவம் பற்றிய சர்ச்சையின் வாதங்கள் அவை. அந்த இரண்டு வாதங்களுக்குள்ளேயே நூறாண்டுக்கும் மேலாக நாம் சுற்றிக்கொண்டிருக்கிறோம்.

முன்னோடிகள் வேறு வழியும் காட்டியிருக்கிறார்கள். எஸ். எம். கமால் சேதுபதி மன்னர்களின் செப்பேடுகளைத் தேடிப் பதிப்பித்தார். ம. மு. உவைஸ் இலங்கையிலிருந்து வந்து மதுரையில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கு ஒரு துறையையே வளர்த்தெடுத்தார். இந்த இலக்கியத்திலும் அண்டை வீட்டாரின் பங்கு இருக்கிறது: 5,027 விருத்தங்கள் கொண்ட சீறாப்புராணத்தின் ஆசிரியர் உமறுப்புலவர், எட்டயபுரம் அரண்மனைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றவர். நூலுக்குத் துணை நின்ற சீதக்காதியோ இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதியின் நெருங்கிய நண்பர். அந்த எட்டயபுரத்தையும் இராமநாதபுரத்தையும் விட்டுவிட்டு அந்தக் காப்பியத்தின் வரலாற்றை எழுத முடியுமா? நாகூர் தர்காவின் பெரிய மனோரா தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிங் கட்டியது என்பது ஊரறிந்த செய்தி. அந்த வரலாற்றைத் தேடவேண்டிய தஞ்சை மராத்தியரின் மோடி எழுத்து ஆவணங்களைப் படிக்கத் தெரிந்தவர்களோ விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருக்கிறார்கள்.

அரபுத்தமிழ் நூல்களைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த கவலை. தமிழை அரபு எழுத்தில் எழுதும் இந்த மரபில் சட்டமும் மருத்துவமும் பாட்டும் கதையும் உண்டு. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றவர்களின் பெயரால் சில நூல்கள் தப்பிப் பிழைத்துவிட்டன. பெண்கள் படித்த ஏடுகள் அப்படியல்ல. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வீடு மகளுக்குப் போகும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். ஆண்கள் கொழும்புக்கும் பினாங்குக்கும் சபுருக்கு, அதாவது கடல் கடந்த பயணத்துக்குப் போய்விட, வீட்டையும் கணக்கையும் கிதாபுகளையும் (நூல்களையும்) காத்தவர்கள் உம்மாக்களும் மூத்த பெண்களும். பெண்கள் தைக்காவில் கூடி மாலைப் பாடல்களை ஓதினார்கள். கீழக்கரையில் செய்யிது ஆசியா உம்மா போன்ற சூஃபிப் புலவரே தோன்றினார். ஆனாலும் நம் ஆய்வேடுகளில் பெண்கள் பெயர் அரிதாகவே வருகிறது. அவர்கள் காத்த ஏடுகளைப் பழைய வீடு இடிபடும்போது, எழுத்தை மிதிக்கக் கூடாது என்ற பக்தியினால் கடலிலோ கிணற்றிலோ இட்டுவிடுகிறார்கள். அந்தப் பக்தியை நான் மதிக்கிறேன். இடுவதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டு அந்த வீட்டுவாசலில் நிற்க வேண்டியது நம் கடமை.

இழப்பைப் பேசும்போது 1990ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த ஆண்டு அக்டோபரில் இலங்கையின் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு நடந்தவர்கள் காணி உறுதியையும் கல்யாணப் பதிவையும் பழைய கணக்கேட்டையும் எங்கே தேடியிருக்க முடியும்? தமிழ் பேசும் மக்கள், தமிழ் பேசும் மக்களுக்குச் செய்தது இது. தமிழில் நடக்கும் இந்த அவையில் அதைத் தமிழிலேயே சொல்ல வேண்டும் என்று கருதுகிறேன். அந்த ஊர்களின் வரலாற்றை இனி எழுத, அயலில் இருந்த தமிழர் குடும்பங்களின் நினைவும் காகிதங்களும் தேவைப்படும். அவர்கள் வாய் திறக்க வேண்டும்.

ஆகவே கட்டுரையாளர்களிடம் என் வேண்டுகோள் இது. நீங்கள் காட்டும் ஒவ்வொரு சான்றையும் எங்கே, யார் பொறுப்பில் பார்த்தீர்கள் என்று அவையில் சொல்லுங்கள். பள்ளிவாசலைப் பற்றி எழுதியவர், பக்கத்துக் கோயிலின் கல்வெட்டையும் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டையும் பார்த்தாரா என்று கேள்வி எழுப்புங்கள். கோயிலைப் பற்றி எழுதியவரிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள். கருத்தரங்கு முடிவதற்குள் ஒரு பட்டியல் தயாராக வேண்டும்: எந்த ஊரில் எந்த மீஸான் கற்கள் (கல்லறைக் கற்கள்) உப்புக்காற்றில் அரிக்கப்படுகின்றன, எந்த வீட்டில் கிதாபுகள் இருக்கின்றன, யார் போய்ப் படம் எடுக்கப் போகிறார்கள் என்று. பெயர் தர விரும்புபவர்கள் மதிய இடைவேளையில் என்னிடமே தரலாம். முதல் அமர்வு காயல் துறைமுகத்தைப் பற்றியது. கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.