பஸ்ஸில் வாந்தி வருமா?

அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு விளையாட்டுப் போட்டிகளுக்காகப் பிள்ளைகளைப் பஸ்ஸில் அழைத்துச் செல்லும்போதெல்லாம், பையில் நாலைந்து எலுமிச்சம்பழங்களைப் போட்டுக்கொள்வது என் வழக்கம். சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதி எழுந்ததும் எந்தப் பிள்ளையின் முகம் வெளுக்கும் என்பதை நான் அறிவேன். அந்த அறிவு மருத்துவமனையில் பயன்படுமென்று எண்ணியதில்லை.

என் மனைவிக்குப் பித்தப்பைக் கல்லை அகற்ற நாள் குறித்தார்கள். மயக்க மருத்துவர் முதல் நாளே வந்து, "அம்மா, பஸ்ஸில் போனால் வாந்தி வருமா?" என்றார். அவள் நாணி, "இல்லை" என்றாள். தஞ்சாவூர் செல்லும்போது திருமானூரை அடையுமுன்னரே மூன்று முறை வண்டியை நிறுத்த வைத்தவள்! உண்மையை நான் சொன்னேன். மருத்துவர் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார்.

காரணம் கேட்டேன். அப்ஃபெல் என்னும் மருத்துவரும் அவருடைய தோழர்களும் 1999-ஆம் ஆண்டில் நான்கு அடையாளங்களைக் கூறினார்களாம்: பெண்ணாயிருத்தல், புகைபிடியாமை, பயணத்திலோ முந்தைய அறுவைக்குப் பின்னரோ வாந்தியெடுத்திருத்தல், அறுவைக்குப்பின் அபினி வகை வலிமருந்து பெறுதல். ஒன்றுமில்லாதவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 10 பேருக்கும், நான்கும் உடையவர்களில் ஏறத்தாழ 80 பேருக்கும் குமட்டலோ வாந்தியோ வரக்கூடும். இதற்காக எவரும் பீடி பற்றவைக்க வேண்டியதில்லை!

எனக்கு என் தமக்கையின் நினைவு வந்தது. நான் சிறுவனாயிருந்தபோது அவளுக்கு ஈதர் கொடுத்து அறுவை செய்தார்கள். இரண்டு நாள் வாந்தி. தையல் பிய்ந்துவிடுமோ என்று வயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறு கையால் அம்மாவின் கையைப் பற்றியிருந்தாள். மயக்கம் முற்றும் தெளியாதபோது வாந்தி மூச்சுக்குழலில் இறங்கினால் உயிருக்கே கேடு. அறுவைக்குமுன் திட உணவை 6 மணி நேரமேனும் நிறுத்துவது அதனால்தான். தெளிந்த நீரைப் பொதுவாக 2 மணி நேரம் முன்புவரை அனுமதிப்பர்.

வாந்திக்கான தூண்டுதல் மூளையை அடைய வழிகள் பல. குடலில் சுரக்கும் செரோட்டோனின் ஒரு வழி, உட்செவி மற்றொன்று. ஒரே மருந்து எல்லா வழியையும் அடைப்பதில்லை. ஆகவே என் மனைவிக்கு மயக்க ஆவியைத் தவிர்த்து, நரம்பு வழியே புரோபோபால் தந்தார்கள். தொடக்கத்தில் டெக்ஸாமெத்தசோன், முடிவில் ஆன்டான்செட்ரான். அபினி வகை மருந்தையும் குறைத்தார்கள்.

மாலையில் இலேசாகக் குமட்டியது. கொடுத்த மருந்தையே மீண்டும் கொடாமல், வேறு வகை மருந்தொன்றைச் செலுத்தினார் செவிலியர். குமட்டல் அடங்கிற்று. சற்று நேரத்தில் அவள் கண் திறந்து, "ஏங்க, பையில் எலுமிச்சம்பழம் இருக்கிறதா?" என்றாள்.