மூடையிற் போகும் வாசனைச் சரக்கு



காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிலே குவிந்து கிடந்த பண்டங்களைப் பட்டினப்பாலை ஆசிரியர் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறார். கடல்வழி வந்த குதிரைகளும், நிலவழி வந்த மிளகு மூடைகளும், ஈழத்திலிருந்து வந்த உணவுப் பொருள்களும் அவ்வரிசையில் இடம்பெறுகின்றன. அப்பாட்டில் இன்னொரு செய்தியும் உண்டு. சுங்கம் கொள்வோர் சோழனது புலிப் பொறியை இட்ட பின்னரே சரக்கைத் துறையினின்றும் வெளியே விட்டனராம். வரி வாங்குவதற்கென இடப்பட்ட பொறிதான் அது. ஆயினும், அம்மூடை எத்துறையிலிருந்து புறப்பட்டது என்பதனையும் காண்போருக்கு அது சொல்லியிருக்கும்.

இன்று கொழும்புத் துறைமுகத்தில் கொள்கலங்களில் ஏற்றப்படும் கறுவாவுக்கும் மிளகுக்கும் கராம்புக்கும் சாதிக்காய்க்கும் அத்தகைய பொறி ஏதும் உண்டா? ஏட்டளவில் உண்டு. மூடையின்மேல் நாட்டின் பெயர் எழுதப்பட்டிருக்கும். அதனோடு செல்லும் பத்திரங்களிலும் எழுதப்பட்டிருக்கும். ஆனால் அப்பெயரின் ஆயுள் மூடை அவிழும் வரையிலுமே. அதன் பின்னர் அச்சரக்கு அரைக்கப்பட்டும், கலக்கப்பட்டும், வேறொருவர் பெயர் தாங்கிய சிறு பொதியாகக் கடைத் தட்டிலே போய் அமர்கின்றது. அதனை வாங்கும் இல்லத்தரசிக்கு அது மாத்தளையில் விளைந்ததா, வியட்நாமில் விளைந்ததா என்பது தெரியாது.

மூடையாகவும் சிப்பமாகவும் மொத்தமாக ஏற்றுமதி செய்வது தவறென்றும், எல்லாவற்றையும் அழகிய சிறு பொதிகளாக்கி அனுப்பினாற் செல்வம் கொழிக்கும் என்றும் மேடைதோறும் பேசப்படுகின்றது. அக்கூற்றிற் பாதி உண்மை. மற்றப் பாதியை ஆராய வேண்டுமாயின், கறுவாவையும் மிளகையும் தனித்தனியே எடுத்து நோக்குதல் வேண்டும். இரண்டும் ஒரே கப்பலிற் போனாலும் இரண்டின் கதையும் ஒன்றன்று.

கறுவாவை முதலிற் கொள்வோம். மழை பெய்து, செந்தளிர் முற்றிய பருவத்தில், ஏறத்தாழ இரண்டாண்டு வளர்ந்த தண்டுகள் வெட்டப்படுகின்றன. வளைந்த கத்தியாற் புறத்தோலைச் சுரண்டி நீக்குவர். பின்பு பித்தளைக் கோலினால் தண்டை அழுத்தித் தேய்ப்பர். பட்டை கட்டையை விட்டு இளகுவது இதனாலேயே. சிறு கத்தியால் நீளவாட்டிற் கீறி, கிழியாமல், நகம் படாமல், பட்டையைக் கழற்றி எடுப்பர். கழற்றிய பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, சிறு துண்டுகளை உள்ளே இட்டு நிரப்பி, 42 அங்குல நீளக் குழலாக்குவர். கூரையின்கீழ்க் கட்டிய கயிறுகளின்மேல் நிழலிலே கிடத்தி, நாள்தோறும் உருட்டி இறுக்குவர். ஈர்க்குப்போல் மெலிந்து, சுருட்டைப்போற் பல சுற்றுகளாய் அமைந்த குழலே உயர்ந்தது. 6 மில்லிமீற்றர் விட்டத்துக்கு மேற்படாதது ‘அல்பா’ எனப் பெயர் பெறும். அதனினும் பருத்தவை ‘கொன்டினென்டல்’, ‘மெக்சிக்கன்’, ‘ஹம்பேர்க்’ என, அவற்றை விரும்பி வாங்கிய சந்தைகளின் பெயராலேயே வழங்கப்படுகின்றன. இன்றும் இலங்கைக் கறுவாவை மிகுதியாக வாங்கும் நாடு மெக்சிக்கோவே.

இத்தனை கைவேலையும் அடங்கிய ஒரு பண்டத்தை ‘மூலப்பொருள்’ என ஒதுக்கிவிடுவது பொருந்துமா? ஒரு கறுவாக் குழல் ஆலையிற் செய்த எந்தப் பண்டத்துக்கும் குறைந்ததன்று. மேலும், அதன் உருவமே அதன் பொறியாகும். சீனத்திலும் இந்தோனேசியாவிலும் வியட்நாமிலும் விளையும் காசியா என்னும் பட்டை தடித்தது. ஒரே சுற்றாய்ச் சுருண்டு கிடக்கும். இரண்டையும் அருகருகே வைத்தாற் சிறு பிள்ளையும் வேறுபாடு காணும். ஆகவே, குழலாகப் போகும் வரையிலே கறுவா தன் பெயரைத் தானே சுமந்து செல்கின்றது. அரைத்த மாத்திரத்தே அப்பொறி அழிந்துபோகின்றது.

இப்பெயருக்காகப் பிற நாட்டார் பட்ட பாட்டை வரலாறு சொல்லும். 1505 ஆம் ஆண்டில் இத்தீவை அடைந்த போர்த்துக்கேயர் இங்கு வேரூன்றியமைக்குக் கறுவாவே தலையாய காரணம். 1656 இற் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், அனுமதியின்றிக் கறுவாவை வெட்டுவோருக்கும் விற்போருக்கும் மரண தண்டனை வரை விதித்தனர். விலை இறங்கலாகாது என்பதற்காக 1760 ஆம் ஆண்டில் அம்ஸ்டர்டாம் நகரில் அவர்களே பெருந்தொகையான சரக்கை எரித்தார்கள். காட்டுக் கறுவாவை நம்பியிருந்தவர்கள், பின்னர் ஆளுநர் பல்க் காலத்தில் மருதானைப் பக்கத்தே தோட்டமிடத் தொடங்கினர். கொழும்பிற் பெருமனைகள் நிறைந்த கறுவாத்தோட்டம் இன்று பெயரில் மட்டுமே கறுவாவை வைத்திருக்கின்றது. 1796 இல் வந்த ஆங்கிலேயர் 1833 இல் அரசின் தனியுரிமையை நீக்கினர். அதன் பின்னர் எவரும் பயிரிடலாம், எவரும் விற்கலாம் என்றாயிற்று.

உலகச் சந்தையில் விற்பனையாகும் உண்மைக் கறுவாவிற் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் இன்றும் இலங்கையினுடையதே. ஆயினும், காசியாவையும் சேர்த்து நோக்கினால் இலங்கையின் பங்கு சிறிது. அமெரிக்காவிற் காசியாத் தூளையும் ‘சினமன்’ என்ற பெயரிலேயே விற்கச் சட்டம் இடங்கொடுக்கின்றது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சுவையோடு நின்றுவிடுவதில்லை. காசியாவில் ‘கூமரின்’ என்னும் பொருள் மிகுதி. அளவு மீறி நெடுநாள் உட்கொண்டால் ஈரலுக்குக் கேடு தரவல்லது. 2006 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஆய்வாளர் இதுபற்றி எச்சரித்தனர். 2008 இல் ஐரோப்பிய ஒன்றியம் உணவிற் கூமரினின் அளவுக்கு வரம்பு கட்டியது. இலங்கைக் கறுவாவில் அப்பொருள் மிகச் சொற்பம். இவ்வளவு பெரிய மேம்பாடு இருந்தும், தூளான பின்பு அதனை எடுத்துரைப்பார் யார்?

2022 ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் ‘சிலோன் சினமன்’ என்னும் பெயருக்குப் புவியியல்சார் குறியீட்டுக் காப்பு வழங்கியது. இந்நாட்டுப் பொருளொன்று அக்காப்பைப் பெற்றது அதுவே முதன்முறை. பழைய புலிப் பொறி புதிய உருவில் மீண்டு வந்ததெனக் கொள்ளலாம். எனினும் சட்டம் காப்பது பெயரை மாத்திரமே. கண்காணாத ஊரிலுள்ள அரைவை ஆலையை அது காவல் செய்யாது.

அதற்கு அடுத்த ஆண்டிலேயே நேர்ந்த ஒரு துயரம் இதனைத் தெளிவாக்கிற்று. 2023 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவிற் குழந்தைகளுக்கென விற்கப்பட்ட ஒருவகை அப்பிள் கூழிலே ஈயம் மிகுதியாக இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. நூற்றுக்கணக்கானோருக்கு, அவர்களிலும் பெரும்பாலும் பச்சிளம் பாலகருக்கு, நஞ்சு ஏறியிருக்கலாம் என முறைப்பாடுகள் வந்தன. குற்றம் கூழிற் சேர்த்த கறுவாத் தூளில் இருந்தது. அத்தூளுக்கான குச்சிகள் எங்கிருந்து வந்தவை? இலங்கையிலிருந்து. சற்று நேரம் இந்நாட்டின் பெயர் உலகச் செய்திகளில் ஊசலாடியது. நல்வாய்ப்பாக, அரைபடாத குச்சிகள் எடுத்துப் பரிசோதிக்கப்பட்டன. அவற்றில் ஈயக் கலப்பு இல்லை என அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 ஆம் ஆண்டில் அறிவித்தது. தென்னமெரிக்காவின் ஈக்குவடோர் நாட்டில் அரைக்கப்பட்ட இடத்திலேயே கலப்பு நேர்ந்திருக்கக்கூடும் என்பது விசாரணையின் முடிவு. கறுவாவைச் சீவி உலர்த்தியவரின் கை தூயது என நிலைநாட்ட முடிந்தமைக்குக் காரணம், சரக்கு குச்சியாகவே அங்குப் போய்ச் சேர்ந்திருந்தமையும், சில குச்சிகள் அரைபடாமல் எஞ்சியிருந்தமையுமே.

இனி மிளகுக்கு வருவோம். மிளகுக்குக் குழலின் உருவம் இல்லை. மாத்தளை மணியும் கேரளத்து மணியும் கண்ணுக்கு ஒன்றே. மாத்தளை, கண்டி, கேகாலை, குருநாகல் மாவட்டங்களின் வீட்டுத் தோட்டங்களிலே, கமுகிலும் முள்முருங்கையிலும் படர்ந்த கொடிகளிலிருந்து சிறுகச் சிறுகச் சேரும் சரக்கு அது. பத்துக் கிலோ, இருபது கிலோ என ஊர்க் கடைக்காரர் வாங்கி, அவரிடமிருந்து பட்டணத்து வியாபாரி வாங்கி, ஈற்றில் ஏற்றுமதியாளரின் பண்டகசாலையில் எல்லாம் ஒரே குவியலாகின்றது. நன்றாக உலர்த்தியவரின் உழைப்பும், சாணம் படிந்த முற்றத்திற் பரப்பியவரின் அசட்டையும் அக்குவியலில் ஒன்றாகிவிடும்.

இலங்கை மிளகிற் காரமும் எண்ணெய்ச் சத்தும் மிகுதி என்பது உலகம் ஒப்பிய உண்மை. அதன் பயனை அடைபவர் பெரும்பாலும் வேறொருவர். ஏற்றுமதியாகும் மிளகிற் பெரும்பங்கு இந்தியாவுக்கே செல்கின்றது. கொச்சியைச் சூழ்ந்த ஆலைகள் அதன் எண்ணெயையும் பிசினையும் பிரித்தெடுத்து, ஐரோப்பாவினதும் அமெரிக்காவினதும் உணவுத் தொழிற்சாலைகளுக்கு விற்கின்றன. அங்ஙனம் பிரிப்பதற்கு முற்றாத மணியே ஏற்றது. ஏனெனில் எண்ணெய் அதில் மிகுதி. திருட்டுக்கு அஞ்சியும் பணமுடையாலும் காய் முற்றுமுன்னே பறித்துவிடும் குடியானவரை நொந்துகொள்வோர், அப்பிஞ்சுக்கும் ஒரு சந்தை உண்டென்பதை மறந்துவிடுகின்றனர். நட்டம் பிஞ்சைப் பறித்ததில் இல்லை. பிஞ்சும் முற்றலும் கலந்து, இரண்டிற்கும் உரிய விலை கிடையாமற் போவதிலேயே உள்ளது. ஒரு லீற்றர்ப் பாத்திரத்தில் மிளகை நிரப்பி நிறுத்துப் பார்த்தால், நன்கு முற்றியது 550 கிராமளவில் நிற்கும். பிஞ்சு அதற்கு மிகக் குறையும். உலகச் சந்தை மிளகுக்கு விலை பேசுவது இவ்வளவையை வைத்தே. ஒரு பாத்திரமும் தராசும் எந்தக் கிராமத்துச் சங்கத்துக்கும் எட்டாத கருவிகள் அல்ல.

ஒரே சந்தையை நம்பியிருத்தலின் இடர் 2017 ஆம் ஆண்டு திசெம்பரில் வெளிப்பட்டது. இந்திய அரசு, கிலோ ஒன்றுக்கு 500 இந்திய ரூபாவுக்குக் குறைந்த விலையில் மிளகு இறக்குமதியாதல் கூடாதெனக் கட்டளையிட்டது. தன் நாட்டுப் பயிர்ச்செய்கையாளரைக் காப்பது அவ்வரசின் கடன். அதிற் குறைகாண இடமில்லை. ஆனால் அக்கட்டளைக்கு வழிகோலிய முறைப்பாடுகளில் ஒன்று, வியட்நாம் மிளகு இலங்கை வழியாக, இலங்கை மிளகென்ற பத்திரத்தோடு, வரிச்சலுகை பெற்று நுழைகின்றது என்பதாகும். பிறர் சரக்குக்குத் தன் பெயரைக் கடன் கொடுத்த நாடு, தன் சரக்கின் பெயரைக் காக்குமாறு யாரிடம் முறையிடும்? இத்தகைய மீள் ஏற்றுமதியை இலங்கை அரசு 2019 ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தியது. அதற்கிடையில் உண்மையான மாத்தளை மிளகை விளைத்தவரும் ஐயத்துக்கு ஆளானார்.

மொத்தமாக அனுப்பாது சிறு பொதியாக அனுப்புக என்போர் கணக்கையும் பார்த்தல் தகும். வெளிநாட்டுப் பெருங்கடையின் தட்டில் ஒரு முழ இடம் பெறுவதற்கே பெருமுதல் வேண்டும். ஒவ்வொரு நாட்டின் மொழியிலும் சிட்டை அச்சிட வேண்டும். விளம்பரம் செய்ய வேண்டும். விற்பனையாகாதவற்றைத் திரும்பப் பெற வேண்டும். சில நிறுவனங்கள் இதனைச் செய்து வெற்றியும் கண்டுள்ளன. அரை ஏக்கர்க் கொடிகளின் விளைச்சலை நம்பிய குடும்பத்துக்கு அவ்வழி நெடுந்தூரம். மொத்த வாணிகம் நாளை மறைந்துவிடப் போவதில்லை. அது எத்தகைய மொத்தம் என்பதே வினா.

நன்கு உலர்ந்த மிளகில் ஈரம் நூற்றுக்கு 12 அளவிற்குமேல் இருத்தலாகாது. மிகுந்தால், வெப்பக் கடலில் வெதும்பிக் குளிர்க்கடலிற் குளிரும் கொள்கலத்தின் கூரையில் நீர் துளிர்த்து, மழையெனச் சரக்கின்மேற் சொரியும், பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணத்தாற் பிறக்கும் ‘அப்ளடொக்சின்’ என்னும் நஞ்சுக்கு ஐரோப்பாவில் விதித்த வரம்பு, கிலோ ஒன்றுக்கு 10 மைக்கிரோகிராம். ஒரு மூடையிற் கண்டாலும் முழுக் கொள்கலமும் திருப்பப்படலாம். கறுவாவுக்கு நிறமூட்டவும் பூச்சி தடுக்கவும் காலங்காலமாக இடும் கந்தகப் புகைக்கும் 150 மில்லிகிராம் என்ற வரம்பு வந்துள்ளது. தோட்டத்தின் இலக்கம், உலர்த்திய நாள், தரம் ஆகியவை எழுதிய மூடை ஒன்று இச்சோதனைகளை அஞ்சாது எதிர்கொள்ளும். நீராவியால் நுண்ணுயிர் நீக்கிய மிளகும், இங்கேயே வடித்த எண்ணெயும் அவ்வாறே பெயரோடு செல்லக்கூடியவை. அவையும் மொத்த ஏற்றுமதியே.

இவையெல்லாம் இயன்றாலும், கறுவாவில் ஒரு தடை எஞ்சுகின்றது. சீவுவதற்கு ஆளில்லை. காலியிலும் மாத்தறையிலும் விளைந்து நிற்கும் தண்டுகள் பல, பருவம் தப்பி முற்றிப்போகின்றன. இத்தொழிலை ஒரு சாதிக்குரிய கட்டாய ஊழியமாக்கிய பழைய ஆட்சிகளின் கறை இன்னும் முற்றாக நீங்கவில்லை. விடியுமுன் வெட்டி, நாள் முழுவதும் நிலத்திற் குந்தியிருந்து சீவும் வேலைக்குத் தம் மக்களை அனுப்பப் பெற்றோர் விரும்புவதில்லை. அவர்களைக் குறைகூறுதலும் ஆகாது. விளைவில் ஒரு பங்கு கூலியாகக் கிடைப்பதால் வருவாய் குறைவென்று சொல்வதற்கில்லை. குறைந்திருப்பது மதிப்பு. கொஸ்கொடையில் இதற்கெனப் பயிற்சிக் கழகம் ஒன்று நிறுவப்பட்டு, தொழிற்கல்விச் சான்றிதழும் வழங்கப்படுகின்றது. அத்தகைய புதுநிலையங்களில், தரையிற் குந்தாமல், ஆசனத்தில் அமர்ந்து, மேசையின்மேல் தண்டை வைத்துச் சீவுகின்றார்கள். பெண்கள் பலரும் அவ்வேலையைக் கற்றுத் தேர்கின்றனர். பித்தளைக் கோலும் சிறு கத்தியும் மட்டும் முன்போலவே இருக்கின்றன. அவற்றுக்கு ஈடான இயந்திரம் இன்னும் வரவில்லை.